போய் வருதல்

ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததை எழுதுவது நம் வட்டத்தில் மதிப்பான காரியமல்ல. பயணக் கட்டுரை என்ற பெயரில் வாரப் பத்திரிகைகள் செய்துவைத்ததைப் பார்த்து ஏற்பட்ட ஒவ்வாமை அது. எந்த ஊரில் எது மலிவு, எங்கே தங்கலாம், அருவியைக் கண்டதும் மனம் எப்படித் துள்ளியது – இதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. இருந்தும் சென்ற அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு நாள் தேக்கடி போய் வந்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பார்த்தவற்றையும் தின்றவற்றையும் தவிர இதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் வைத்து எனக்கு ஒரு அடி விழுந்தது. அதைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் இப்போதைக்குப் பொய்யாகத்தான் இருக்கும் என்று படுகிறது.

மகள் தீவு பார்க்கவேண்டும் என்றாள். வகுப்பில் கூடப் படிக்கும் பெண் அந்தமான் போய் வந்து ஒரு வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். தேனியிலிருந்து கடல் எந்தத் திசையில் போனாலும் தூரம். மூன்று பக்கமும் மலையாகப் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடல் கேள்விப்பட்ட விஷயம் மாதிரிதான். ராமேஸ்வரமும் தீவுதானே என்றேன். பஸ்ஸில் போய் இறங்குகிற இடம் எப்படித் தீவாகும் என்று கேட்டாள். படகில் போகவேண்டும், சுற்றிலும் தண்ணீர் இருக்கவேண்டும். அப்போதுதான் தேக்கடி ஞாபகம் வந்தது. ஏரிக்குள் திட்டுத் திட்டாகத் தீவுகள் உண்டு, படகு அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும் என்று சொன்னேன். ஒருவாறு சமாதானமானாள்.

நாங்கள் வழக்கமாகப் போவது சுருளி. கம்பம் பள்ளத்தாக்கில் யார் கிளம்பினாலும் சுருளிக்குத்தான். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் செத்தவர்களுக்காகப் போவது. மற்ற நாட்களில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க. புளிச்சோறு கட்டிக்கொண்டு போய், குரங்குகளுக்குப் பயந்து அவசரமாகத் தின்றுவிட்டு, திரும்பும் வழியில் சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டத்திலேயே வெட்டித் தரும் பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு வருவது. 2023ல் அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அது எப்போதும் கம்பத்துத் திராட்சைதான். இந்த மாதிரி எங்கே கூப்பிட்டாலும் அம்மா, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்பாள். இந்த முறை தேக்கடி என்றதும், கேட்பதற்கு முன்னாலேயே, "நானும் வாரேன்" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சந்தோஷப்பட்டேனே தவிர யோசிக்கவில்லை.

யோசித்திருக்கவேண்டும். எங்கள் ஊர் கூடலூர்ப் பக்கம். அம்மா முப்பது வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் போனவள். விடியும் முன்பே ஜீப் வந்து தெருமுனையில் நிற்கும். பத்துப் பேர் ஏறவேண்டிய ஜீப்பில் இருபது பெண்கள், ஆளுக்கொரு தூக்குவாளியோடு. லோயர் கேம்ப், மலைப்பாதை, குமுளி, அப்புறம் சக்குபள்ளம், அணக்கரை. செடியின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, தரையோடு ஓடும் சரத்திலிருந்து பழுத்த காயை மட்டும் பார்த்துப் பறிக்கவேண்டும். மழைக்காலத்தில் அட்டை. மருந்தடித்த மறுநாள் தலைவலி. இருட்டிய பிறகு வீடு. ஒரு நாளில் போய் ஒரு நாளில் வருவது. அந்த முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் முறை குமுளியைக் கடந்திருப்பாள் என்று கணக்குப் போடலாம். குமுளியிலிருந்து தேக்கடி படகுத்துறை நாலு கிலோமீட்டர். ஜீப் ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

அதே காலத்தில் நான் இந்த மலையைப் பற்றிப் பதினோரு கவிதைகள் எழுதியிருக்கிறேன். போய் வந்த பிறகு எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தேன். நீலம் என்ற சொல் ஏழில் வருகிறது. மூடுபனி ஐந்தில். ஏலக்காய் ஒன்றிலும் இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் சேலையும் தலைமுடியும் விரல்களும் ஏலக்காய் வாசனை அடித்த வருஷங்கள் அவை.

காலை ஆறு மணிக்கு ஒரு வாடகைக் காரில் புறப்பட்டோம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். கம்பத்தில் இட்லி தின்றோம். அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றுப் பாத்திரத்தை மடியை விட்டு இறக்கவில்லை. லோயர் கேம்ப் தாண்டியதும் மலைச்சரிவில் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரிந்தன. நான் மகளுக்கு விளக்க ஆரம்பித்தேன். மேற்கே ஓடி அரபிக்கடலில் வீணாகிக்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதை. 1886ல் திருவிதாங்கூரோடு 999 வருஷத்துக் குத்தகை, 8,000 ஏக்கர். 1887ல் ஆரம்பித்து 1895ல் முடிந்த அணை. பென்னிகுக். எங்கள் பள்ளத்தாக்கில் டீக்கடைகளில் சாமி படங்களோடு அவர் படமும் இருக்கும். அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி பொங்கல் வைக்கிறவர்கள் உண்டு. லோயர் கேம்பில் 2013ல் மணிமண்டபமும் திறந்தார்கள். நான் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும் என்று மனைவி சொல்வாள். அன்றும் உயர்ந்திருக்கவேண்டும்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே, "இந்தக் கொழாய் வந்துட்டா எல்லாரும் பேச்ச நிப்பாட்டிருவோம்" என்றாள்.

"ஏன் அப்பத்தா?"

"செக்போஸ்ட்டு வரப்போகுதுல்ல. ஆளுக அதிகமா இருந்தா பாதிப் பேரு எறங்கி நடந்து அங்கிட்டுப் போயி மறுபடி ஏறிக்கிருவோம். யாரு எறங்கணும்னு டிரைவரு திரும்பிப் பாப்பாரு. அதுக்குத்தான்."

எனக்கு அந்தக் குழாய்கள் சரித்திரம். அவளுக்கு இறங்கச் சொல்வார்களோ என்ற பயம். இரண்டும் ஒரே குழாய்தான்.

தேக்கடியில் காரை ஒரு மைதானத்தில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் படகுத்துறைக்குப் போகவேண்டும். நல்ல கூட்டம். படகில் ஏறியதும் எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். சேலைக்கு மேல் அந்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தது மகளுக்குச் சிரிப்பாக இருந்தது. இது எதற்கு என்று கேட்டாள். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி இதே ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்துப்போனார்கள். கரையில் மிருகங்கள் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடிப் போய் நின்றார்கள் என்று அன்று சொன்னார்கள். குழந்தைக்கு இதை எப்படிச் சொல்வது? பாதுகாப்புக்கு என்று மட்டும் சொன்னேன். என்னை விடத் தைரியமான அம்மா, "முன்னாடி ஒரு படகு சாஞ்சு போச்சு தாயி. அதான் ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்து பாக்கணும்" என்றாள்.

படகு நகர்ந்தது. தண்ணீருக்குள்ளிருந்து கருப்பாக மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள். 130 வருஷமாகத் தண்ணீரில் நின்று இன்னும் மக்கவில்லை. உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. இருபது வருஷத்துக்கு முன் நண்பர்களோடு வந்தபோது இந்தக் கட்டைகளைப் பார்த்து நான் என்னென்னவோ நினைத்தேன். மரணம், காலம், நினைவு என்று பெரிய சொற்களாக. அம்மா பார்த்துவிட்டு, "வெட்டாமயே தண்ணியக் கட்டிட்டாக போல" என்றாள். அவ்வளவுதான்.

ஒரு திருப்பத்தில் நடு ஏரியில் பச்சையாக ஒரு திட்டு வந்தது. மகள் எழுந்துவிட்டாள். "அப்பா, தீவு!"

"ஆமாம்" என்றேன்.

"அது மலை உச்சி தாயி" என்றாள் அம்மா. "ஒடம்பு உள்ள கெடக்கு."

மகள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு திட்டையும் அவள் தீவு என்று சொல்லவில்லை. உச்சி என்றாள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தாள்.

தூரத்தில் புல்வெளியில் யானைகள் தெரிந்தன. படகு முழுக்க எழுந்தது. உட்காருங்கள், உட்காருங்கள் என்று படகுக்காரர் கத்தினார். நானும் எழுந்திருந்தேன். அம்மா மட்டும் திரும்பவில்லை. யானையைப் பார்த்து ஓடியவர்களுக்கு யானை காட்சியாக இருக்க நியாயமில்லை. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இந்தத் தண்ணிக்குத்தானாப்பா அம்புட்டுப் பேரும் அடிச்சுக்கிட்டாக?"

கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம், அதற்கப்புறம் வைகை அணை, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான் அடுக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் தெரியும்ப்பா. நம்ம வயலும் அதுல பாஞ்சதுதான. ஒரு நாள் கண்ணால பாக்கணும்னு நெனச்சேன். பாத்தாச்சு."

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தோம். மகள் தீவில் இறங்கவில்லையே என்று கேட்கவில்லை. பசி என்றாள். புளிச்சோற்றைப் பிரிக்கலாம் என்று நிழல் தேடினேன். அம்மா தயங்கி, "அத ராத்திரிக்கு வச்சுக்கிறலாம். குமுளியில கெழங்கும் மீனும் திம்போமா?" என்று கேட்டாள். வெளியில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைவீதியில் இருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. நாலு மேஜை. பரிமாறிய பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தைக் கூட்டுவதற்குள் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "மோளே, கப்பயும் மீன்கறியும் உண்டோ? காந்தாரிச் சம்மந்தி உண்டோ?"

என் அம்மா மலையாளம் பேசி நான் கேட்டதில்லை. முப்பது வருஷம் அங்கே வேலை செய்தவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றாமலே போயிருக்கிறது. அந்தப் பெண் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள். எந்த ஊர், எந்தத் தோட்டம், இப்போது யார் பறிக்கிறார்கள், வடக்கேயிருந்து வருகிறவர்கள்தானா, கூலி என்ன, மழை எப்படி. பாதிதான் எனக்குப் புரிந்தது. அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

மஞ்சளாக வெந்த கிழங்கு, குடம்புளி போட்ட சிவந்த மீன்குழம்பு, காந்தாரி மிளகாயை உப்பும் வெங்காயமும் வைத்து நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்ட துவையல். அம்மா கிழங்கைத் துவையலில் தொட்டு வாயில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் மெல்லாமல் இருந்தாள். கண் கலங்கியிருந்தது. உறைப்பு என்று நினைத்து மனைவி தண்ணீரை நகர்த்தினாள்.

"மூணு நாளு இதத் தின்னுதான் உசுரோட இருந்தோம்" என்றாள் அம்மா.

எந்த மூன்று நாள் என்று கேட்டேன். அவள் சொன்னாள்.

2011 டிசம்பரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006ல் சொல்லியும் நடக்கவில்லை. 2011 கடைசியில், அணை உடையப் போகிறது, புதிய அணை வேண்டும் என்ற குரல் அந்தப் பக்கத்தில் உச்சத்துக்குப் போனது. இந்தப் பக்கத்தில் ஊர் ஊராக ஜனங்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லை அடைபட்டது. அந்தப் பக்கம் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் விரட்டப்பட்டார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் உடைபட்டன. இரண்டும் நடந்தன. 2014 மே 7ஆம் தேதித் தீர்ப்பில் 142 அடி உறுதியானது. நான் அந்த ஊர்வலங்களில் நடந்தவன். தண்ணீரின் மீதான உரிமை பற்றிய என் கருத்து அன்றிருந்ததுதான் இன்றும்.

அந்த வாரம் அம்மா அணக்கரையில் இருந்தாள். பறிப்பு மும்முரம், தோட்டத்திலேயே தங்கியிருந்தார்கள். ஐந்து நாள் தகவலில்லை. ஆறாம் நாள் பதினொரு பெண்கள் கம்பம் மெட்டு மலைப்பாதையில் நடந்தே இறங்கி வந்தார்கள். அம்மாவின் கால் வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். "வண்டி இல்ல, நடந்து வந்தோம்" என்றாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கம்பத்தில் ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதைச் சொன்னேன். அறுபது வயதை நெருங்கும் என் தாயை மலையில் நடக்கவிட்டார்கள் என்றேன். கூட்டம் கொதித்தது. அன்றிரவு யாருடைய கடை உடைந்தது, என் பேச்சைக் கேட்டவர்கள் யாராவது அதில் இருந்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

நடந்தது இது. தோட்டத்து வாசலுக்கு ஆட்கள் வந்து தமிழர்களை வெளியே அனுப்பு என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். தோட்டத்து வீட்டுப் பெண் – முதலாளியின் மருமகள், இருபத்தைந்து வயதிருக்கும் – யாரும் இல்லை, எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். பதினொரு பேரையும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வைத்துப் பூட்டி, மூன்று நாள், இருட்டிய பிறகு கிழங்கும் துவையலும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஒரு நாள் மீன். நாலாம் நாள் விடியுமுன் அவள் புருஷனே ஜீப்பில் தார்ப்பாயைப் போட்டு மூடிக் கம்பம் மெட்டுக்கு அருகில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறான். அதற்கு மேல் வந்தால் இந்தப் பக்கத்து ஆட்கள் அவனை அடித்திருப்பார்கள். அதனால் நடந்தார்கள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அம்மா மீன் முள்ளை எடுத்து மகளின் தட்டில் சதையை வைத்துக்கொண்டே பேசினாள். "நீ மைக்குல பேசுனத நானும் கேட்டேன்ப்பா. பின்னாடி பொம்பளைகளோட நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னைக்கே முழுசாச் சொல்லியிருந்தா நீ அதையும் பேசியிருப்ப. பேசியிருந்தா ஒன்னய அடிச்சிருப்பாங்க. இல்லன்னா தெரிஞ்சும் பேசாம இருந்திருப்ப. அதப் பாக்க எனக்குப் பிடிக்கல."

பரிமாறிய பெண் இன்னும் கொஞ்சம் கிழங்கு கொண்டுவந்து வைத்தாள். அதற்குக் காசு வாங்கவில்லை.

அனுபவத்தின் நேர்மை என்று நாம் நிறையப் பேசுகிறோம். யாரோ ஒருவரின் கவிதையில் பொய்யான ஒரு படிமத்தைக் கண்டுபிடித்து நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். என் தாயின் வீங்கிய காலை நான் கண்ணால் பார்த்தேன்; அது பொய்யல்ல. ஆனால் எனக்கு வேண்டிய அளவுக்குத் தெரிந்ததும் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். கேட்டிருந்தால் பேச்சு அவ்வளவு நன்றாக அமைந்திருக்காது. உச்சியை மட்டும் பார்த்துத் தீவு என்று சொல்வது குழந்தைக்குச் சரி. எனக்கு அன்று நாற்பது வயது.

பதிமூன்று வருஷத்துக்கு மேல் அம்மா என்னை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதுதான் திரும்பும் வழியெல்லாம் ஓடியது. என் கவிதைகள் வந்த இதழ்களை அவள் பத்திரமாக ட்ரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். படிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும்.

மனைவி நேந்திரங்காய் வறுவல் வாங்கினாள். மலை இறங்கி லோயர் கேம்பில் ஆற்றோரம் வண்டியை நிறுத்தி, இருட்டுவதற்கு முன் புளிச்சோற்றைப் பிரித்தோம். காலையில் அந்தப் பக்கம் ஏரியாகக் கிடந்த தண்ணீர், குழாய் வழியே விழுந்து மின்சாரம் கொடுத்துவிட்டு எங்கள் காலடியில் சாதாரண ஆறாக ஓடியது. மகள் எத்தனை உச்சி என்று கணக்குச் சொன்னாள். அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்புக் கம்மி" என்றாள். உண்மையில் கம்மிதான்.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. என் வாயில் ஒருமுறை விழுந்த கதை என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

கார் கூடலூரைத் தாண்டும்போது அம்மா கேட்டாள்: "ஒரு நாள் அணக்கரை வரைக்கும் போயிட்டு வரலாமாப்பா? அந்தப் பிள்ளை இருக்கான்னு பாக்கணும்."

"அம்புட்டுத் தூரம் ஒங்களுக்கு முடியுமா அத்தை?" என்றாள் மனைவி.

"என்னத்தா தூரம்? காலையில போனா ராத்திரி வந்துரலாம். முப்பது வருசம் அப்படித்தான போயிட்டு வந்தேன்."

சித்திரைக்கு முன்னால் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல ஜீப்பாகப் பார்க்கவேண்டும்.